வீட்டில் வாசிக்கப் பழைய சின்ன அம்ப்: மார்ஷலா, ஃபெண்டரா, ரோலண்டா?

குருநகர் ஸ்ட்ராட் எழுதியது:

வணக்கம். வீட்டில் வாசித்துப் பழக ஒரு பழைய சின்ன கிற்றார் அம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) வாங்க நினைக்கிறேன். மூன்று இடத்தில் மூன்று அம்ப் இருக்கிறது. எதை எடுப்பது என்று தெளிவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவி.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இருப்பது யாழ்ப்பாணம், குருநகர், கடலுக்குக் கிட்ட. கிற்றார் ஜப்பானில் செய்த பழைய ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக், தந்தியின் அதிர்வை எடுக்கும் சிங்கிள் கொயில் பிக்கப் மூன்று. ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன். அங்கே கோயில் மிக்சரில் நேரே செருகிவிடுவார்கள். வீட்டில் இதுவரை கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்தான். அதில் சுரம் கேட்கிறது, விரல் கேட்பதில்லை. மெல்லத் தொட்டாலும் அழுத்தி மீட்டினாலும் ஒரே மாதிரி வருகிறது. என் வலது கை வளராமல் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

நேரம் கிடைப்பது இரவு எட்டு மணிக்குப் பிறகு. பக்கத்து வீட்டில் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறாள், நடுவில் ஒரு மதில்தான். சத்தமாக வைக்க வழியில்லை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது.

முதலாவது, கொழும்பில் ஒருவர் மார்ஷல் லீட் 12 விற்கிறார். எண்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது, ட்ரான்சிஸ்டர், 12 வாட், பத்து அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர். 65,000 கேட்கிறார். முன் துணியின் ஓரம் கிழிந்திருக்கிறது. வொலியூம் திருப்பும்போது கரகரக்கும் என்று அவரே சொன்னார்.

இரண்டாவது, ரொறன்ரோவில் சித்தப்பா வீட்டு பேஸ்மென்டில் ஒரு ஃபெண்டர் சாம்ப் கிடக்கிறது, முன்பக்கம் வெள்ளித் தகடு உள்ள எழுபதுகளின் மாடல். ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவரவா என்று கேட்கிறார். காசு வேண்டாமாம்.

மூன்றாவது, யாழ்ப்பாண ரவுணுக்குள் ஜப்பான் பாவித்த சாமான் விற்கிற ஒரு கடையில் செம்மஞ்சள் நிற ரோலண்ட் கியூப் 20. விலை 38,000. லைட் எரிகிறது. கடையில் கிற்றார் வயர் இல்லாததால் ஒலியைக் கேட்க முடியவில்லை.

மனம் முழுக்க சாம்ப்பில்தான் இருக்கிறது. எத்தனையோ ஒலிப்பதிவுகளில் பயன்பட்ட அம்ப் அது. ஆனால் 120 வோல்ட் சாமானை இங்கே ஓட்டலாமா? அது கண்ணாடி வால்வில் ஓடுவது, வால்வ் அம்ப்பை மெல்ல வைத்தால் அதன் அழகு வருமா? கடையில் உள்ளதைப் போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?


தின்னவேலி பேஸ் எழுதியது:

உங்கள் நிலைமைக்குப் பழையது எதற்கு? புதிய சின்ன டிஜிட்டல் அம்ப் ஒன்றை எடுங்கள். ரோலண்ட் மைக்ரோ கியூப் வகை ஆறு ஏஏ பற்றரியில் ஓடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் நின்றபோது நான் வாசித்தது அதில்தான். ஹெட்போன் செருகினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தொல்லை இல்லை. உத்தரவாதம் இருக்கும், ஸ்டெப் டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர்) பிரச்சினை இருக்காது. பழையதை வாங்கினால் திருத்துகிறவரைத் தேடியே காலம் போய்விடும்.


குருநகர் ஸ்ட்ராட் எழுதியது:

நன்றி அண்ணா. ஹெட்போனில் வாசித்துப் பார்த்தேன், நண்பனுடையதைக் கடன் வாங்கி. எனக்கு ஒத்துவரவில்லை. சத்தம் அறைக்குள் இருந்து வரவேண்டும், நெஞ்சில் கொஞ்சம் படவேண்டும், அப்போதுதான் கை அதற்கு ஏற்ப அடங்கும். பழையதைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். நான் கொஞ்சம் ஈயம் ஒட்டப் பழகியிருக்கிறேன், அதைத் தொடர ஆசை.


பழைய ரேடியோ மேசை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் அறுபதைத் தாண்டியவன். ரேடியோ, அம்ப், கசெட் செட் திருத்துவதே தொழிலாக இருந்தவன். திருவிழா மேடைகளில் வாசித்த மெல்லிசைக் கோஷ்டிக்காரரின் அம்ப்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மூன்றையும் ஒலியை வைத்து நான் முதலில் பிரிக்க மாட்டேன். பழுதானால் யாழ்ப்பாணத்தில் எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்று பார்த்துப் பிரிப்பேன். பழைய அம்ப்பில் திரும்பக் கிடைக்காதவை இரண்டு: ட்ரான்ஸ்போமரும் ஸ்பீக்கரும். அந்த அம்ப்பின் குரல் என்று நீங்கள் விரும்புவதில் பெரும்பங்கு ஸ்பீக்கரில் இருக்கிறது. கண்டென்சர், ரெசிஸ்டர், வொலியூம் குமிழின் பொட், ஜாக், சுவிட்ச், பெரும்பாலான ட்ரான்சிஸ்டர்கள், இவையெல்லாம் ஊரில் இல்லாவிட்டாலும் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுத்து பஸ்சில் அனுப்பிவிடுவார்கள். ஆகவே ட்ரான்ஸ்போமரும் ஸ்பீக்கரும் சுகமாக இருந்தால் அம்ப் சுகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கரகரப்பு, உறுமல், கிழிந்த துணி ஆகியவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. அவை விலை குறைக்க உதவும்.

இனிக் கரண்ட். இதைத்தான் வடிவாக வாசிக்க வேண்டும்.

மார்ஷல் இங்கிலாந்துக்காரருக்குச் செய்தது. 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எங்கள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் நேரே ஓடும். பிளக்கும் எங்கள் வீடுகளில் இப்போது பூட்டுகிற அதே 13 ஆம்பியர் சதுரப் பின். ஒன்றும் செய்யத் தேவையில்லை.

கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் பூட்டினால் சரி என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்டெப் டவுன் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு அளந்து சுற்றிய ட்ரான்ஸ்போமருக்கு அதே 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் இரும்புக்குள் காந்தப்புலம் நூற்றுக்கு இருபது கூடும். இரும்பைத் தாராளமாக வைத்துச் செய்திருந்தால் தாங்கும். இறுக்கமாகக் கணக்குப் பார்த்துச் செய்திருந்தால் சூடேறும், உறுமும், ஒரு நாள் எரியும். வோல்ட்டைக் குறைத்தால் புலமும் குறையும். 100 வோல்ட் கொடுத்தால் பழைய நிலைக்கு முழுமையாக வந்துவிடும். ஆனால் அப்போது வால்வைச் சூடாக்கும் ஹீற்றருக்கு 6.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 5.25தான் வரும், அது வால்வைக் கெடுக்கும். நடுவில் 110 வோல்ட் எடுத்தால் புலம் நூற்றுக்குப் பத்து மட்டும் கூட, ஹீற்றருக்கு ஏறக்குறைய 5.8 வோல்ட். அது வாழக்கூடிய இடம். சித்தப்பாவை முதலில் பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 50/60 என்று எழுதியிருந்தால் இந்தக் கவலை எதுவும் இல்லை. 60 மட்டும் இருந்தால் மேலே சொன்ன கணக்கு.

ஜப்பான் 100 வோல்ட். அங்கே ஒரு விசேஷம் உண்டு. கிழக்கே டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்கே ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். ஒரே நாட்டுக்குள் இரண்டும் இருப்பதால் அவர்கள் தங்களுக்காகச் செய்த சாமானின் ட்ரான்ஸ்போமர் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும். அங்கே பார்க்க வேண்டியது வோல்ட்டை மட்டும்தான். கடைகளில் 110 என்று விற்கிற ஸ்டெப் டவுனை அப்படியே பூட்டினால் நூற்றுக்குப் பத்து கூடிப்போகும். மெயின்ஸ் 240க்கு ஏறுகிற நேரம் இன்னும் கூடும். 100 வோல்ட் எடுக்க இடமுள்ளதாக வாங்குங்கள். இல்லையென்றால் கொயில் சுற்றுகிறவரிடம் 100க்குச் சுற்றித் தரச் சொல்லுங்கள். 100 வாட்டுக்கு உள்ளது இந்தச் சின்ன அம்ப்களுக்குப் போதும்.

ஸ்டெப் டவுனில் இன்னொன்று. கடையில் கிடைக்கிற சிறியவற்றில் பல ஒற்றைச் சுற்று வகை, மெயின்ஸில் இருந்து அம்ப்பைப் பிரிக்காது. வெளியே இரண்டு ஓட்டைதான் இருக்கும், எர்த் இராது. எலெக்ட்ரிக் கிற்றாரின் தந்தி, அதைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக, அம்ப்பின் உலோகச் சட்டமான சேஸியோடு தொடுப்பில் இருக்கிறது. அந்தத் தந்தியில் உங்கள் பத்து விரல், கீழே சீமெந்துத் தரையில் வெறுங்கால். ஆகவே அம்ப்பின் சேஸியில் இருந்து சுவர் பிளக்கின் எர்த் வரைக்கும் ஒரு வயர் தொடர்ந்து போக வேண்டும். வீட்டு ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பட்டனை அமத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள். இதில் மட்டும் ஒருநாளும் விட்டுக்கொடுக்காதீர்கள். அறுபதுகளின் அமெரிக்க அம்ப்களில் இரண்டு வயர்தான் வரும், ஒரு கண்டென்சர் வழியாகச் சேஸியை மெயின்ஸில் தொட்டு வைத்திருப்பார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்தால் அந்தக் கண்டென்சரை வெட்டிவிட்டு மூன்று வயர் போட்ட பிறகுதான் வாசிக்க வேண்டும்.

வால்வா ட்ரான்சிஸ்டரா என்பது பற்றி. சாம்ப்பில் மூன்று வால்வ்: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயராக ஒரு 5வை3. கூடவே எட்டு அங்குல ஸ்பீக்கர். வரும் சத்தம் 5, 6 வாட். சின்னது என்று நினைப்பீர்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றரில் 95 டெசிபல் தருகிற சாதாரண ஸ்பீக்கரில் 5 வாட் என்றால் 102 டெசிபல். அது இரவு எட்டு மணிக்கு வைக்கிற சத்தம் இல்லை. சாம்ப்பில் வொலியூம் ஒன்றுதான், உள்ளே வரும் ஒலியைக் கூட்டும் தனி கெயின் குமிழ் கிடையாது. ஆகவே ஒலிப்பதிவுகளில் நீங்கள் விரும்புகிற அந்த வெடிப்பு (ஒலி உடைந்து முரடாக வருவது), வொலியூமைக் கூட்டினால்தான் வரும். மார்ஷலில் கெயினும் வொலியூமும் தனித்தனி, மெல்ல வைத்தும் வெடிப்பு எடுக்கலாம்.

ட்ரான்சிஸ்டரைக் குறைவாக நினைக்கிற பழக்கம் கிற்றார் வாசிக்கிறவர்களிடம் இருக்கிறது. எனக்கு அது ஒருபோதும் ஏற்கவில்லை. தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்த டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். சாம்ப்பின் மூன்று வால்வையும் சூடாக்குவதற்கே ஏறக்குறைய 15 வாட் வேண்டும், சத்தம் வருவதற்கு முன்பே. அந்தக் காலத்தில் செய்தியையும் பாட்டையும் எங்கள் காதுக்குக் கொண்டுவந்தது ட்ரான்சிஸ்டர்தான். நன்றாகச் செய்த ட்ரான்சிஸ்டர் அம்ப்பும் விரலுக்குப் பதில் சொல்லும். கேட்டுப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிற்றாரும் உங்கள் வயரும் கையோடு போக வேண்டும். சுவிட்ச் போடுவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள், மூக்கையும் கொண்டுபோங்கள். எரிந்த வார்னிஷ் மணம் வந்தால் ட்ரான்ஸ்போமர் ஒருமுறை வெந்திருக்கிறது. பியூஸைக் கழற்றிப் பாருங்கள், வெள்ளித்தாள் சுற்றியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். பின்பக்கம் திறந்த அம்ப்களுக்குள் பல்லி, கரப்பான், எறும்பு எல்லாம் குடியிருக்கும். பல்லி மெயின்ஸ் பக்கத்தில் மாட்டிச் செத்திருந்தால் அந்த இடம் கருகியிருக்கும். ஸ்பீக்கர் கடதாசியில் பூஞ்சணம், கிழிசல் உண்டா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல அமத்துங்கள். உரசுகிற சத்தம் வந்தால் கொயில் உரசுகிறது, அது பெரிய குறை. 8 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் 6, 7 ஓம் காட்டும்.

பிறகு வயர் செருகாமல் வொலியூமைப் பூச்சியத்தில் வைத்துச் சுவிட்ச் போடுங்கள். அப்போதும் உறுமினால் அது பவர் சப்ளையின் சத்தம். கிற்றாரை ட்யூன் செய்து ஆறாம் தந்தியின் மூன்றாவது பிரெட்டில் வருகிற ஜி சுரத்தை மீட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஜி 98 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டை ரெக்டிஃபை செய்தால் மிஞ்சுவது 100 ஹெர்ட்ஸ். உறுமல் அந்த ஜிக்கு மயிரிழை மேலே நின்றால் பெரிய கண்டென்சர்கள் காய்ந்துவிட்டன என்று ஊகிக்கலாம். மாற்றினால் போய்விடும். ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் எர்த்தைத் தேடுங்கள். சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி மங்கலாகத்தான் கேட்கும், காதைக் கிட்ட வைக்க வேண்டும்.

அதன்பின் மெல்ல வாசியுங்கள். ஒரு சுரத்தை மீட்டி அது மறையும் வரை கேளுங்கள். மறைகிற இடத்தில் கிறுகிறுப்பு வந்தால் அவுட்புட் பக்கத்தில் கோளாறு. ஸ்பீக்கர் வயரில் மீற்றரை வைத்து டிசி பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை, வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கர் எரியும். குறைந்தது அரை மணி நேரம் ஓட விடுங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும். ட்ரான்ஸ்போமரின் உண்மை சூடேறிய பிறகுதான் வெளியே வரும்.

கியூப் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அதைப் போய்ப் பாருங்கள். சரியில்லை என்றால் மார்ஷலுக்கு விலை பேசுங்கள். சாம்ப்பை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் உங்கள் இரவு வாசிப்புக்கு அதை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.


ஈஸ்ட்ஹாம் மாலை எழுதியது:

ஐயா எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். என்னிடம் லீட் 12 இருக்கிறது, மகன் வாசிக்கிறான். தம்பி, அதன் ஒலி கொஞ்சம் நடுப்பகுதி தூக்கலாக, முன்னால் வந்து நிற்கும். ஸ்ட்ராட்டுக்கு அது பொருந்தும், ட்ரெபிளைப் பாதிக்குக் கீழே வைத்தால் காது குத்தாது.

ஒரு விஷயத்தில் ஐயாவோடு உடன்படவில்லை. சாம்ப்பை வெடிக்க வைக்காமல், வொலியூம் இரண்டில் வைத்து வாசித்தாலும் மிக அழகு. விரல் கேட்கவில்லை என்பதுதானே உங்கள் குறை. அந்த இடத்தில் சாம்ப் பொய் சொல்லவே சொல்லாது, தவறும் சேர்ந்து கேட்கும். பழகுகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

சிங்கிள் கொயில் பற்றியும் ஒன்று. அந்தப் பிக்கப் பக்கத்தில் உள்ள எந்த ட்ரான்ஸ்போமரின் புலத்தையும் இழுக்கும். ஸ்டெப் டவுனை உங்கள் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு அம்ப் உறுமுகிறது என்று சொல்லாதீர்கள். வயரை நீட்டி இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள், கிற்றாரைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். குறைகிற திசை ஒன்று இருக்கும். அம்ப்பைத் தரையில் வைக்காமல் ஒரு மர ஸ்டூலில், காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். சீமெந்துத் தரையும் சுவரும் அடிச்சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும், அதுதான் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது.


குருநகர் ஸ்ட்ராட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் எழுதியதைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை கடைக்குப் போனேன். பேஸ் வாசிக்கிற நண்பனும் மல்டி மீற்றரோடு வந்தான்.

தகட்டில் 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாக இருக்கிறது. கடையில் அதை 110 ஸ்டெப் டவுனில்தான் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எரிந்த மணம் இல்லை. பியூஸ் சரியான பியூஸ். உள்ளே காய்ந்த எறும்புக் கூடு, கொஞ்சம் மண். ஸ்பீக்கர் கடதாசி நல்லது, அமத்தும்போது உரசல் இல்லை, மீற்றரில் 6.8 ஓம்.

சுவிட்ச் போட்டதும், வொலியூம் பூச்சியத்திலேயே, உறுமல். ஆறாம் தந்தியில் ஜி மீட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே, அதற்குச் சற்று மேலே நிற்கிறது. இரண்டும் சேரும்போது மெல்ல மெல்ல அடிக்கிற அந்த அலையைக் கேட்டோம். கடைக்காரரும் வந்து கேட்டார். ட்ரெபிளும் பாஸும் திருப்பினால் கரகரப்பு, ஜாக்கை ஒரு பக்கம் சாய்த்தால்தான் ஒலி வருகிறது. அரை மணி நேரத்துக்குப் பிறகு ட்ரான்ஸ்போமரில் கை வைத்தேன், இளஞ்சூடு, தாராளமாக வைத்திருக்க முடிந்தது. ஸ்பீக்கரில் டிசி 20 மில்லிவோல்ட்டுக்குள்.

ஒலி... உறுமலுக்கு மேலே அது வாசித்தபோது எனக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. பெருவிரலால் தொட்டதும் நகத்தால் தொட்டதும் வேறு வேறாகக் கேட்டது. நான் அவ்வளவு காலமும் இரண்டாம் தந்தியை மற்றவற்றைவிட அழுத்தி மீட்டிக்கொண்டிருந்தேன் என்று அங்கே நின்றபடியே தெரிந்தது.

உறுமலையும் ஜாக்கையும் காட்டி விலை பேசினேன். 30,000க்குத் தந்தார். வீட்டில் இருக்கிறது, இன்னும் பூட்டவில்லை. 100 வோல்ட் ஸ்டெப் டவுனைச் சுற்றக் கொடுத்திருக்கிறேன், எர்த்தோடு மூன்று பின் சொக்கெற் போடச் சொல்லி. கண்டென்சரை நானே மாற்றலாமா ஐயா? சித்தப்பாவின் படமும் வந்துவிட்டது. சாம்ப்பில் 60 ஹெர்ட்ஸ் மட்டும்தான் எழுதியிருக்கிறது. ஆனாலும் கொண்டுவரட்டும் என்று சொல்லிவிட்டேன்.


பழைய ரேடியோ மேசை எழுதியது:

நல்ல சாமான் எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் கண்ட குறைகள் எல்லாம் திருத்தக்கூடிய பக்கத்தில் இருக்கின்றன.

மாற்றலாம். ட்ரான்சிஸ்டர் அம்ப்பில் உள் வோல்ட் குறைவு, பழகுவதற்கு ஏற்றது. பிளக்கைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு, பெரிய கண்டென்சர்களின் இரண்டு காலிலும் மீற்றரை வைத்து வோல்ட் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் ஒன்றைப் போட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடவேண்டும், அப்போது பிளஸ், மைனஸ் பக்கம் மாறாது. கழற்றும் முன் படம் எடுங்கள். பழையதில் எழுதிய மைக்ரோ ஃபரட் அதேதான், வோல்ட் அதே அல்லது கூட, 105 பாகை என்று எழுதியதாகக் கேட்டு வாங்குங்கள். புதியவை உருவத்தில் சின்னதாக இருக்கும், அதனால் குறைந்தவை என்று நினைக்க வேண்டாம். ஜாக்கைப் புதிதாகவே போட்டுவிடுங்கள். பொட்டுகளைக் கழற்றத் தேவையில்லை, கொன்ராக்ட் கிளீனர் ஸ்பிரேயை உள்ளே விட்டு நூறு தரம் அங்குமிங்கும் திருப்புங்கள். குருநகர் உப்புக் காற்றில் அது திரும்ப வரும், வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியதுதான். வாசிக்காத நேரம் ஒரு பருத்தித் துணி போட்டு மூடி வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், மாரி காலத்தில் உள்ளே வேர்க்கும்.

முதல்தரம் சுவிட்ச் போடும்போது 230 பக்கத்தில், ஸ்டெப் டவுனுக்கு முன்னால், பழைய 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் பூட்டுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உடனே நிறுத்தி எங்கோ பிழை என்று தேடுங்கள். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது.

சாம்ப் வரட்டும், 110இல் ஓட்டிச் சூட்டைப் பார்ப்போம். ஈஸ்ட்ஹாம் தம்பி சொல்வது சரி, இரண்டில் வைத்த சாம்ப் அருமையாக இருக்கும். ஆனால் அதை நீங்களாகத் திறக்க வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கும். சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியவை: மூன்று வால்வையும் நேராகக் கீழே இழுத்துக் கழற்றி, எது எந்த ஓட்டை என்று எழுதி, துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவரட்டும். அம்ப்பைப் பெட்டியில் போடும்போது ஸ்பீக்கர் பக்கம் கூரான எதுவும் முட்டாமல் ஒரு மட்டை வைக்கட்டும். இடத்துக்காக ஸ்பீக்கர் வயரைக் கழற்றினால் அதில் பெரிதாக ஒரு துண்டு ஒட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் பூட்டாமல் வால்வ் அம்ப்பைச் சுவிட்ச் போட்டு வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரியும், அந்த ட்ரான்ஸ்போமர் இங்கே கிடைக்காது.